தாவ்யுவான் காத்த ஊர்ப்பெயர்

பிளம் பூவை எங்கள் சீன நாட்டில் மெய்ஹுவா என்பார்கள். பனி கொட்டுகிற நேரத்தில், வேறெந்தப் பூவும் தலைகாட்டாதபோது பூக்கிறதாம், அதனால் அதற்கு ரொம்பப் பெருமை. பெருமைப்படட்டும், யார் வேண்டாமென்றது? அதற்காகக் கண்ட இடத்துக்கெல்லாம் அதே பேரா? கடலோரம் ஒரு மெய்ஹுவா, மலை உச்சியில் ஒரு மெய்ஹுவா, நிலக்கரி தோண்டுகிற இடத்தில் கரி படிந்துபோய் ஒரு மெய்ஹுவா. சீட்டுக்கட்டில் கிளாவருக்குப் பேர் மெய்ஹுவா. புள்ளிமானுக்குப் பேர் மெய்ஹுவா மான். கூரையைப் பிய்த்துக்கொண்டு போன ஒரு புயலுக்குக்கூட அதையே வைத்தார்கள். பேருக்கு அப்படி என்ன பஞ்சமோ!

லுவோ தாவ்யுவான் வாழ்க்கைப்பட்டு வந்ததும் ஒரு மெய்ஹுவாவுக்குத்தான். ஹுனான் மாநிலத்தில், சியாங் ஆற்றிலிருந்து உள்ளே தள்ளி, வயலுக்கு நடுவே இருக்கிற சின்ன ஊர். மருந்துக்குக்கூட ஒரு பிளம் மரம் கிடையாது. தார் ரோட்டிலிருந்து ஊருக்குள் பிரிகிற முனையில் ஊர்ப் பலகை. அதை ஒட்டினாற்போல அவளுடைய பாக்குக்கடை. எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சோறு இல்லாவிட்டாலும் பாக்கு வேண்டும். மட்டையோடு காயவைத்துப் புகை போட்ட பாக்கை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, உள்ளே சுண்ணாம்பும் பாகும் சேர்ந்த குழம்பை ஒரு சொட்டு விட்டால் முடிந்தது வேலை. வெற்றிலை கிற்றிலை எதுவும் கிடையாது. வாயில் அடக்கினால் இரண்டு காதும் குப்பென்று சூடாகும். லாரிக்காரர்கள் அதற்காகவே அந்த முனையில் வண்டியை ஓரங்கட்டுவார்கள்.

ஊரில் பாதிப் பேர் குவாங்டோங் பக்கம் பாக்டரி வேலைக்குப் போய், வீடு கட்டி, டைல்ஸ் ஒட்டி, கார்கூட வாங்கிவிட்டார்கள். தாவ்யுவான் மட்டும் அந்த முனையை விட்டு அசையவில்லை. அசையாததற்குக் காரணம் அவளுடைய மகன் ஷுய்யா. அவன் திரும்பி வரும்போது அம்மா அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தொண்ணூற்றிரண்டாம் வருஷம், சந்தை நாள். பஸ்ஸிலிருந்து ஒரு கூட்டமே இறங்கிப் பாக்கு கேட்டது. நாலு வயசு ஷுய்யா பின்னாலே சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்து, அம்மா நறுக்கிப் போட்ட பாக்கு மட்டையை நக்கிக்கொண்டிருந்தான். அவள் சில்லறை கொடுத்துவிட்டுத் திரும்பினாள். மூட்டை இருந்தது, பிள்ளை இல்லை. வடக்கே போகிற ஒரு வேனில் யாரோ ஒரு பொம்பளை அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறினாள் என்று பிற்பாடு ஒருத்தன் சொன்னான். அப்போதே சொல்லித் தொலைத்திருந்தால் என்ன? அவள் பிள்ளை என்று நினைத்தானாம். நினைப்பான், ஏன் நினைக்கமாட்டான், போனது அவன் பிள்ளை இல்லையே.

தாவ்யுவானுக்கு ஒரே ஒரு தைரியம் இருந்தது. அந்த வருஷங்களில் பிள்ளை பிடிக்கிறவர்கள் நடமாட்டம் அதிகம் என்று பேச்சு அடிபட்டதால், ரோட்டோரத்துத் தாய்மார் எல்லாருமே பிள்ளைகளுக்கு ஊர்ப் பேரைச் சொல்லிக்கொடுத்து வைத்திருந்தார்கள். அவள் ஒருபடி மேலே. தலை வாரும்போது, சோறு ஊட்டும்போது, கால் கழுவிவிடும்போது, "வழி தவறிட்டா என்னடா சொல்லணும்?" என்று கேட்பாள். அவன் ஊர்ப் பேரைச் சொல்ல வேண்டும். திக்கினால் பிட்டத்தில் ஒரு தட்டு. கடைசியில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கணீரென்று சொல்கிற அளவுக்குத் தேறிவிட்டான். அம்மா பேரை மறப்பான், அப்பா பேரை மறப்பான், ஊர்ப் பேரை மறக்கமாட்டான். இதை அவள் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

புருஷன் ஸெங் மான்ஷெங்கும் இதை நம்பித்தான் தேடக் கிளம்பினான். பிள்ளை ஊர்ப் பேரைச் சொல்லியிருப்பான், நல்ல போலீஸ்காரன் எவனாவது கேட்டிருப்பான், எந்த மெய்ஹுவா என்று தெரியாமல் ஏதோ ஒரு மெய்ஹுவாவில் கொண்டுபோய் விட்டிருப்பான் என்பது அவன் கணக்கு. கணக்கில் தப்பே இல்லை. படமும் ஊர்ப் பேரும் அச்சடித்த தாளைத் தூக்கிக்கொண்டு மெய்ஹுவா மெய்ஹுவாவாக ஏறி இறங்கினான். ஓர் இடத்தில் விடிய விடிய நடந்து போய்ப் பார்த்தால் அது ஊரே இல்லை, மான் பண்ணை. இன்னொரு இடத்தில், கடலோர மெய்ஹுவாவில், கருவாடு காயவைக்கிற திடலில் ஷுய்யா ஜாடையில் ஒரு பையன் விளையாடிக்கொண்டிருந்தான். மான்ஷெங் கிட்டப் போய்க் கையைப் பிடித்தான். அவ்வளவுதான், பிள்ளை பிடிக்கிறவன் வந்துவிட்டான் என்று கூட்டம் கூடி அவனைப் பின்னி எடுத்துவிட்டது. முன்பல் இரண்டு போயிற்று. பிள்ளையைப் பறிகொடுத்தவன் பிள்ளை பிடித்தான் என்று அடி வாங்கினான் பாருங்கள், அதற்குப் பிறகு அவன் எங்கேயும் போகவில்லை. கடை வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டுச் சீட்டாட உட்கார்ந்தான். அதோடு சரி.

இப்படியே இருபத்திநாலு வருஷம் ஓடிற்று. அப்போதுதான் ஊர்ப் பேரை மாற்றப் போகிறோம் என்று அறிவிப்பு வந்தது.

ஊர்க் கட்சிச் செயலாளர் பெங், வயசில் சின்னவன். தாவ்யுவான் கடையில் ஓசிப் பாக்கு மென்று வளர்ந்தவன். ஊர்க் கூடத்தில் எல்லாரையும் கூட்டி வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான்.

"பக்கத்து ரெண்டு ஊரையும் நம்மளையும் ஒண்ணாக்குறாங்க. எல்லாருக்கும் அடுக்குமாடி. புதுப் பேரு ஷிங்ஃபூ."

ஷிங்ஃபூ என்றால் ஆனந்தம். கூட்டம் கைதட்டிற்று.

"இருக்குற பேருக்கு என்ன கேடு?" என்றாள் தாவ்யுவான்.

"சித்தி, நம்ம வட்டத்துலேயே நாலு மெய்ஹுவா இருக்கு. பார்சல் எல்லாம் மாறிப் போகுது. போன மாசம் நம்ம ஏழாமண்ணனுக்கு நெஞ்சு வலிச்சப்போ ஆம்புலன்ஸ் எங்க போச்சு? மேலண்டை மெய்ஹுவாவுக்குப் போயி அங்க ஒரு நல்ல மனுஷனைப் படுக்கச் சொல்லிச்சு!"

ஏழாமண்ணன் எழுந்து நின்றார். மான்ஷெங்கோடு தினமும் சீட்டாடுகிற கிழவர். "ஆமா, நான் இங்க செத்துக்கிட்டிருக்கேன், அவனுங்க அங்க அவன்கிட்ட நாக்க நீட்டு நாக்க நீட்டுன்னானுங்களாம்!" என்றார். கூடமே சிரித்தது.

தாவ்யுவான் சிரிக்கவில்லை. "அவன் வந்து கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்றாள்.

யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. பெங் தலையைச் சொறிந்தான்.

"இருபத்திநாலு வருஷம் ஆச்சு சித்தி."

"ஆகட்டுமே. அவனுக்குத் தெரிஞ்சது அந்த ஒரு பேருதான். அதையும் புடுங்கிட்டா அவன் எதைச் சொல்லி வருவான்? ஆனந்தம்னா? எவன் வீட்டு ஆனந்தம்?"

"உன் ஒரு புள்ளைக்காக ஊரு முழுக்கப் பழைய பேரைக் கட்டிக்கிட்டு அழணுமா?" என்று பின்னாலிருந்து ஒருத்தி முணுமுணுத்தாள். "ஆனந்தம்னு பேரு இருந்தாலாவது எம்புள்ளைக்கு ஒரு பொண்ணு கிடைக்கும்."

"உம்புள்ளைக்குப் பேரால இல்லடி பொண்ணு கிடைக்காம இருக்கு, மூஞ்சியால," என்றாள் தாவ்யுவான். அன்றைக்குக் கூட்டம் அடிதடியில் முடியாமல் போனது பெங் செய்த புண்ணியம்.

மறுநாளிலிருந்து அவள் கடையைப் புருஷனிடம் விட்டுவிட்டு வட்ட அலுவலகத்துக்கு நடையாய் நடந்தாள். அங்கே வெந்நீர் கொடுத்தார்கள், நாற்காலி கொடுத்தார்கள், நாளைக்கு வாங்க என்றார்கள். நாளைக்கும் போனாள். பலகையைப் பிடுங்க ஆள் வந்த அன்று கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். "விடு தாவ், போதும்," என்று மான்ஷெங் கெஞ்சினான். "நீ சீட்டைப் பாரு கெழவா," என்றாள். வந்த ஆட்களில் ஒருவன் அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றான், மழை வேறு.

கடைசியில் பெங்தான் இறங்கி வந்தான். அவனுக்கும் மனசு கேட்கவில்லை. "ஊருக்குப் பேரு ஷிங்ஃபூதான் சித்தி, அதை மாத்த என்னால முடியாது. பஸ் ஸ்டாப்புக்கு மட்டும் பழைய பேரை வச்சுக்கிறோம். மெய்ஹுவா ஸ்டாப். மேல பேசி வாங்கிட்டேன். திருப்திதானே?"

தாவ்யுவான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்றைக்குப் புகைபோட்ட பன்றிக்கறியை மிளகாய் போட்டு வதக்கி அவனுக்குச் சோறு போட்டாள். அவன் மூக்கில் நீர் ஒழுகத் தின்பதைப் பார்த்துச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து ஊரில் யாரும் பார்த்ததில்லை. பேர் நின்றுவிட்டது, இனி அவன் எப்போது வேண்டுமானாலும் வரட்டும் என்று நினைத்தாள்.

புதுப் பலகைகளை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி வந்தது. ஓட்டிவந்தவன் சுய் தாலியாங், ஹெபெய் சமவெளிக்காரன், வடக்கத்தி ஆள், கதவளவு உடம்பு. போனில் முதலாளியிடம் இடம் சரிதான் என்று சொல்ல வேண்டும். பழைய ஊர்ப் பலகைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு கேட்டான்.

"அக்கா, இது எந்த ஊரு?"

அவள் நிமிர்ந்து, பெருமையாக, "மெய்ஃபா," என்றாள்.

"வழியில்லையா? தார் ரோடே போகுதே, லாரி போகாதா?"

"மெய்ஃபா!"

"நான் வழி கேக்கல அக்கா. ஊர்ப் பேரைக் கேட்டேன்."

"அதைத்தானேய்யா சொல்றேன், காது அவிஞ்சு போச்சா? மெய்ஃபா! மெய்ஃபா!"

"வழியில்ல வழியில்லன்னா இந்தப் பலகையை நான் என் தலையிலயா நட்டுக்கிறது?"

சீட்டாடிக்கொண்டிருந்த கிழவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஏழாமண்ணன் பலகையைக் கை காட்டினார். தாலியாங் திரும்பிப் படித்தான்.

"அட, மெய்ஹுவா! ஹுவா! ஹுவான்னு வாயில காத்து வரணும் அக்கா. நீங்க ஃபான்னுல்ல சொல்றீங்க. எங்க பக்கம் மெய்ஃபான்னா வழியில்லன்னு அர்த்தம். ஒண்ணும் பண்ண முடியாது, அவ்வளவுதான், போ, அப்படின்னு கைவிரிக்கிறது."

உண்மைதான். எங்கள் பக்கத்து நாக்கில் ஹுவா ஏறாது. நாட்டிலிருக்கிற எல்லாப் பூவும் எங்களுக்கு ஃபாதான். வழியில்லை என்று சொல்ல எங்களுக்கு வேறே வார்த்தை இருக்கிறது, அதனால் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றியதில்லை. போலீஸும் பேரை எழுத்தில் எழுதிக்கொண்டது. எங்கள் எழுத்து சத்தத்தைக் காட்டாது, அர்த்தத்தைக் காட்டும், அதனால் அது எல்லா ஊருக்கும் ஒன்றே. மான்ஷெங்கும் போன இடத்திலெல்லாம் தாளைத்தான் நீட்டினான். தாளைப் பார்த்தவர்கள் பூவைப் பார்த்தார்கள். நாலு வயசுப் பிள்ளைக்கு எழுத்து ஏது? அவனிடம் இருந்தது சத்தம் மட்டும்.

தாவ்யுவானும் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தாள், பாவம். சிரித்துக்கொண்டே அடுத்த பாக்கை எடுத்துக் கத்தியை வைத்தாள். அப்புறம் கத்தி நின்றுவிட்டது.

"தம்பி," என்றாள். "உங்க ஊர்ல ஒரு சின்னப் புள்ளை அழுதுகிட்டு நிக்குது. எந்த ஊருடான்னு நீ கேக்குற. அது மெய்ஃபான்னு சொல்லுது. நீ என்ன நினைப்பே?"

"என்ன நினைக்கிறது? பெரியவங்க யாரோ சலிச்சுக்கிட்டதைக் கேட்டுட்டு வந்து சொல்லுதுன்னு சிரிப்போம்," என்றான் தாலியாங். சொன்ன பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தான்.

மான்ஷெங் கையிலிருந்த சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தான். தாவ்யுவான் வாயைத் திறந்து "ஃபா" என்றாள். மறுபடி உதட்டைக் குவித்து, கழுத்து நரம்பு புடைக்க, "ஃபா" என்றாள். "நான்தானே சொல்லிக்கொடுத்தேன்," என்றாள். "திக்குனா அடிச்சேனே. தெளிவா சொல்லுடா தெளிவா சொல்லுடான்னு அடிச்சேனே!" பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போன படுபாவி எங்கேயோ நன்றாகத்தான் இருப்பாள். இவள் தன்னைத்தானே தலையில் அடித்துக்கொண்டாள்.

தாலியாங் நல்லவன். தன் வாயால் வந்ததாயிற்றே என்று அவனுக்குத் தாங்கவில்லை. போனை நீட்டி அவளை அந்த வார்த்தையைச் சொல்லச் சொல்லிப் பதிவு பண்ணினான். இப்படிச் சொன்ன பிள்ளையை எவனாவது பார்த்திருக்கிறானா என்று வடக்கத்தி லாரிக்காரர்கள் குழு எல்லாவற்றுக்கும் அனுப்பினான். தாவ்யுவான் அந்த நாட்களில் தூங்கவில்லை, ஆனால் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது. இத்தனை வருஷம் தப்பான வார்த்தையைத் தேடினோம், இனி சரியானதைத் தேடுகிறோம் என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொன்னாள்.

பலகை வேலை முடிகிற சமயத்தில் தாலியாங்குக்குப் போன் வந்தது. சமவெளியில் ஒரு கிராமம், பேசியது ஒரு நடுவயசுப் பெண். அவள் பேசுவது தாவ்யுவானுக்குப் பாதி புரியாது, இவள் பேசுவது அவளுக்கு முழுக்கவே புரியாது. நடுவில் தாலியாங் உட்கார்ந்து சொல்லிக்கொண்டு வந்தான்.

பக்கத்து வீட்டில் பிள்ளையில்லாத ஒரு தம்பதி, அந்த வருஷம் எங்கிருந்தோ ஒரு பையனைக் கொண்டுவந்தார்களாம். ஊர் எது என்றால் "மெய்ஃபா" என்பானாம். குளிர்காலம் முழுக்க வாசலில் நின்று அதையே சொல்லி அழுவானாம். நாலு வயசுக்குள் இவ்வளவு சலிப்பா என்று ஊரே சிரித்ததாம். வளர்த்தவன் அவனுக்கு யோவ்ஃபா என்று பேர் வைத்துவிட்டான். வழி உண்டு என்று அர்த்தம்.

"வேற என்ன சொல்லுவான்? கேளு தம்பி, வேற என்ன சொல்லுவான்?"

"ஏதோ கொட்டை கேட்டு அழுவானாம் அக்கா. பின்லாங், பின்லாங்குன்னு. அவங்களுக்கு அது என்னன்னே தெரியல. வேர்க்கடலை கொடுத்தா துப்பிடுவானாம்."

பின்லாங் என்றால் பாக்கு. ஹெபெய் வெட்டவெளியில் நாலு வயசுப் பிள்ளை பாக்குக் கேட்டு அழுதால் அது வேறே யார் பிள்ளையாக இருக்கும்? மான்ஷெங் எழுந்து கடைக்குப் பின்னாலே போய்விட்டான். அவன் அழுகிற சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

"இப்ப எங்க இருக்கான்?"

தாலியாங் கேட்டான். போனில் அந்தப் பெண் ரொம்ப நேரம் பேசினாள். அவன் அதைச் சொல்லவே இல்லை. தாவ்யுவான் அவன் தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் சொன்னான்.

"பள்ளிக்கூடத்துல ஊர்ப் பேரு எழுதச் சொன்னா வழியில்லன்னுதான் எழுதுவானாம். அந்த எழுத்தையே எழுதுவானாம் அக்கா. இந்தம்மா மகன் அதே கிளாஸ். எல்லாரும் சிரிப்பாங்களாம். பன்னண்டு வயசுல ஒரு நாள் வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு ஓடிட்டான். ரயில்வே ஸ்டேஷன் கவுன்ட்டர்ல மெய்ஃபாவுக்கு ஒரு டிக்கெட் கேட்டிருக்கான். அங்க முட்டை விக்கிற அவங்க ஊர்க்காரர் ஒருத்தர் பாத்திருக்கார். கவுன்ட்டர்ல இருந்தவன், வழியில்லன்னா டிக்கெட் எதுக்குடா, போடா அந்தாண்டன்னு விரட்டிட்டானாம். அப்புறம் ஏதோ ஒரு ரயில்ல ஏறினானாம். எந்தப் பக்கம் போற ரயில்னு யாருக்கும் தெரியல. அவ்வளவுதான் அக்கா. அதுக்கப்புறம் யாரும் பாக்கல. வளர்த்தவங்க ரெண்டு பேரும் செத்துட்டாங்க."

தாவ்யுவான் அவன் தோளிலிருந்து கையை எடுத்தாள்.

"ஓடினது குளிர்லயா, வெயில்லயா?" என்று கேட்டாள்.

"வெயில்லதானாம்."

"அது வரைக்கும் நல்லது," என்றாள்.

இனி அழுது ஓய்ந்துவிடுவாள் என்று எல்லாரும் நினைத்தோம். அவளைத் தெரியாதா எங்களுக்கு! மறுநாளே பெங் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"பஸ் ஸ்டாப்புல மெய்ஹுவான்னு எழுதாதே. வழியில்லன்னு எழுது."

பெங் வாயிலிருந்த நூடுல்ஸை விழுங்கக்கூட இல்லை. "சித்தி, புத்தி கித்தி பிசகிப் போச்சா?"

"அவனுக்கு எழுதத் தெரிஞ்ச ஊர்ப் பேரு அதுதான். பூவை எழுதி வச்சா அவனுக்கு என்ன தெரியும்? இந்த வழியா பஸ்லயே போனாலும் யாரோட ஊரோன்னு தாண்டிப் போயிடுவான்டா!"

"ஊருக்குப் பேரு ஆனந்தம். இறங்குற இடத்துக்குப் பேரு வழியில்லையா? மேலதிகாரி வந்து பாத்தா என்னைத் தூக்கிடுவாங்க. கேலி பண்றியான்னு கேப்பாங்க. மெய்ஹுவாவை வாங்கவே எத்தனை பேரு காலைப் புடிச்சேன் தெரியுமா? நீதானே சித்தி கேட்டே!"

"நான்தான் கேட்டேன்," என்றாள் தாவ்யுவான். "தப்பாக் கேட்டுட்டேன்."

பெங் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனால் ஆகாது, அவளுக்கும் அது தெரியும். ஊரும் ஒத்துக்கொள்ளவில்லை. அபசகுனம் என்றார்கள். அவளை ஒருத்தி பைத்தியம் என்று முகத்துக்கு நேராகவே சொன்னாள். தாவ்யுவான் பதிலுக்குத் திட்டக்கூட இல்லை. பஸ் ஸ்டாப்பில் மெய்ஹுவா என்று அழகான பச்சை எழுத்தில் பலகை நட்டார்கள். அவள் மழையில் நின்று வாங்கிய பேர் அது. இப்போது அவளுக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

தாலியாங் ஊருக்குத் திரும்புகிற அன்று, மிச்சமிருந்த ஒரு தகரத்தில் அவள் கேட்டதை எழுதிக் கொடுத்தான். சீனத்தில் இரண்டே எழுத்து, ஆள் உயரத்துக்கு, சிவப்பில். மெய்ஃபா. வழியில்லை. படிக்கத் தெரியாத தாவ்யுவான், இந்தக் கோடு எதற்கு, அந்தப் புள்ளி எதற்கு, அவன் இப்படித்தான் எழுதியிருப்பானா என்று பக்கத்திலேயே நின்று கேட்டாள். கடை அவளுடையது, அதன்மேல் என்ன எழுதினாலும் கேட்க ஆளில்லை. மான்ஷெங்கும் ஏழாமண்ணனும் ஏணி வைத்துக் கட்டினார்கள்.

அதிலிருந்து வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகிறது. லாரிக்காரன், கார்க்காரன், பைக்கில் ஊர் சுற்றுகிற பையன், எல்லாரும் வண்டியை நிறுத்தி, பலகைக்குக் கீழே நின்று, கையை விரித்துக்கொண்டு போட்டோ எடுக்கிறார்கள். வழியில்லை பாக்குக்கடை என்று தூர தேசம் வரைக்கும் பேர் போய்விட்டது. பெங்கூட இப்போது கண்டுகொள்வதில்லை. அடுக்குமாடியில் அவளுக்கு நாலாம் மாடி கொடுத்தார்கள். தூங்க மட்டும் போகிறாள்.

போன வாரம் ஒருத்தன் வந்தான். இருபத்தெட்டு, முப்பது இருக்கும். ஒல்லி, வடக்கத்திப் பேச்சு. பலகையைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான்.

"என்னக்கா, வியாபாரத்துக்கு வழியில்லையா, வாழ்க்கைக்கே வழியில்லையா?"

"எங்க ஊர்ப் பேருப்பா அது," என்றாள் தாவ்யுவான்.

"இப்படி ஒரு பேரா! எவன் வச்சான்?"

அவள் பாக்கைப் பிளந்து குழம்பு விட்டு நீட்டினாள். அவன் வாங்குகிறவரைக்கும் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு எந்த ஊரு தம்பி?"

"தாதோங்," என்று டக்கென்று சொன்னான்.

எல்லாரும் டக்கென்று சொல்லிவிடுகிறார்கள். ஒருத்தனாவது கொஞ்சம் யோசிக்க வேண்டுமே, தெரியலை அக்கா என்று சொல்ல வேண்டுமே என்று அவள் ஒவ்வொருத்தனிடமும் கேட்கிறாள். இதுவரைக்கும் ஒருத்தனும் சொல்லவில்லை.